தைப்பட்டமும் என் கணக்கு நோட்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், பொங்கல் விடுமுறையின்போது ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் 1974-77 பி.காம். வகுப்பைச் சேர்ந்தவன். செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "சார், இந்த வருஷம் நீங்க ஏதாவது பேசணும்" என்றபோது, "வங்கியைப் பத்தியா?" என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம் சார், தோட்டத்தைப் பத்திப் பேசுங்க" என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் உழைத்தவனுக்குக் கிடைத்த மதிப்பு அவ்வளவுதான்.

ஆனால் அவர் கேட்ட நேரம் சரியான நேரம். இன்று தை மாதம். வடநாட்டிலும் மேலைநாடுகளிலும் வசந்தத் தோட்டம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்கு நம் பக்கத்தில் நேரான பெயர் தைப்பட்டம். பனி விலகும்போது விதைத்து, கத்திரி வெயில் உச்சத்தைத் தொடுவதற்குள் பெரும்பகுதியைப் பறித்துவிட வேண்டிய பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டக்காரனுக்குத் தைப்பட்டமும் அதே அளவுக்கு முக்கியம். இன்றைக்கு ஊர் திரும்பி, நாளைக்கே நீங்கள் தொடங்கலாம். ஆகவே, நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லி, கற்ற பாடத்தைப் பிறகு சொல்கிறேன்.

2017இல் பணி ஓய்வு பெற்றேன். திருச்சிக்கு வெளியே சிறு வீடு. வீட்டுக்குப் பின்னால், வடக்கு நோக்கி 20 அடி நீளம், 10 அடி அகலத்தில் வெறும் மண். மகன் பெங்களூரில், மகள் சென்னையில். வீட்டில் நானும் என் மனைவியும்தான். அந்த ஆண்டு ஐப்பசியில் என் அம்மா காலமானார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் துணி முடிச்சு. முடிச்சுக்குள் பதினான்கு அவரை விதைகள். எங்கள் ஊர் வீட்டுக் கூரைமேல் படர்ந்து கிடந்த அவரை. பட்டையாக, ஓரத்தில் ஊதா நிறம் ஓடும். நான் இந்தக் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த அவரைக்காய்ப் பொரியல்தான் எனக்கு வரவேற்பு. நம் விடுதிச் சாம்பாரில் காயைத் தேடிக் களைத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தப் பொரியலின் அருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2018 மாசிக் கடைசியில் தோட்ட வேலையைத் தொடங்கினேன். விதைக்கடைக்குப் போய்ப் படம் போட்ட பொட்டலங்களாகப் பார்த்துப் பதினொரு வகை வாங்கினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, சுரை எல்லாம் உண்டு. பொட்டலத்தின் அழகைப் பார்த்து காலிஃபிளவரும் கேரட்டும்கூட வாங்கினேன். கோடை தொடங்கும் திருச்சியில் காலிஃபிளவர்! கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சுரைக்கு ஆறு குழி எடுத்தேன். வேலியோரம் அம்மாவின் அவரையைப் பதினான்கு விதையும் மிச்சமில்லாமல் ஊன்றினேன்.

என்ன நடந்தது? காலிஃபிளவர் இலையோடு நின்றது. கேரட் முளைக்கவே இல்லை. தக்காளி பூத்தது, வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்தது. சுரை மட்டும் வஞ்சனையில்லாமல் காய்த்தது. ஆறு கொடிச் சுரைக்காயை இரண்டு பேர் எப்படிச் சாப்பிடுவது? அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். முதல் வாரம் "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார்கள். மூன்றாம் வாரம் நான் பையோடு வருவதைப் பார்த்ததும் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. சித்திரையில் ஆழ்துளைக் கிணறு அரை மணி நேரம் ஓடினால் இருமத் தொடங்கியது. பாதித் தோட்டம் காய்ந்தது.

அவரை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது ஏறிற்று. வேலியெல்லாம் ஏறிற்று, பக்கத்து முருங்கைமீதும் ஏறிற்று. இலை, கொடி, இலை, கொடி. ஒரு பூ இல்லை. வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. "இது மலட்டு விதை" என்று முடிவு கட்டி, இருந்த ஆத்திரத்தில் ஆனிக் கடைசியில் அத்தனை கொடியையும் வேரோடு பிடுங்கி எரு குழியில் போட்டேன். மனைவி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை இத்தனை வருஷம் சாம்பல்ல போட்டுக் காப்பாத்தினாங்க. நீங்க ஒரே வருஷத்துல தீர்த்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று இரவு பழைய வழக்கப்படி ஒரு நோட்டை எடுத்து வரவு செலவு எழுதினேன். வேலி, மண், எரு, விதை, கூலி என்று செலவு 4,800 ரூபாய். வந்த காயைக் கடைவிலைக்கு மதிப்புப் போட்டால் 1,100 ரூபாய். அதில் முக்கால் பங்கு சுரைக்காய். முப்பத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களின் கடன் மனுவில் "திட்டம் சரியில்லை" என்று எழுதித் திருப்பியவன், சொந்த வீட்டில் திட்டமே இல்லாமல் விதைத்திருக்கிறேன்! அன்றிலிருந்து அந்த நோட்டில் நான்கு பத்தி போட்டேன். மாதம், வெயில், தண்ணீர், வாய். விதை வாங்கும் முன் இந்த நான்கும் நிரம்ப வேண்டும். எனக்குத் தெரிந்த தோட்டக்கலை இவ்வளவுதான்.

முதல் பத்தி மாதம். இதைப் பின்னாலிருந்து முன்னாகக் கணக்குப் போட வேண்டும். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை இருக்கிறது. அதற்குள் எது பலன் தரும்? வெண்டையும் கொத்தவரையும் விதைத்த 45 நாளில் பறிப்புக்கு வரும். தை முதல் வாரம் போட்டால் மார்ச் தொடக்கத்தில் காய். சிறுகீரை, தண்டுக்கீரை 25 நாள். கத்தரிக்கு நாற்று வளர 35 நாள், நட்டபின் 60 நாள், ஆக 95 நாள். இன்று விதை போட்டால் ஏப்ரல் கடைசியில்தான் முதல் காய். ஆகவே கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றுக்கும் மார்கழியிலேயே நாற்றுப் போட்டிருக்க வேண்டும். போடாதவர்கள் கவலைப்பட வேண்டாம், நாற்றுப்பண்ணையில் நாற்றாகவே வாங்கி நடுங்கள். புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி எல்லாம் தையில் ஊன்ற ஏற்றவை. காலிஃபிளவர் ஆசையை என்னைப்போல் நீங்களும் வளர்க்க வேண்டாம்.

இரண்டாவது வெயில். காய்கறிச் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். எங்கே விழுகிறது என்று கண்ணால் பார்த்தால் போதாது, குச்சி நட்டுப் பாருங்கள். காலை எட்டு, நண்பகல், மாலை நாலு என்று மூன்று வேளை நிழலின் எல்லையில் குச்சி நடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. மொட்டைமாடிச் சுவரையும் சேர்த்து என் வீட்டின் உயரம் 14 அடி. அதன் நிழல் தை மாத உச்சிவேளையில் வடக்கே ஏறக்குறைய 9 அடி விழுகிறது. அதாவது என் தோட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி. சூரியன் வடக்கே நகர நகர இந்த நிழல் சுருங்கி, ஏப்ரல் 20 வாக்கில் திருச்சியில் உச்சிக்கு நேர்மேலே வரும்போது இல்லாமலே போய்விடும். ஆகவே சுவரோரம் தையில் கீரை போடுகிறேன். அது பாதி நிழலிலும் வரும். வெண்டையும் கத்தரியும் வெயில் உள்ள நடுப்பகுதியில். கொடிப்பந்தல் வடக்குக் கோடியில். பந்தலைத் தெற்கில் போட்டால் அதன் நிழல் தையில் மற்ற செடிகள்மேல் விழும். பாத்தி நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்றால் நடுவரை கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படக்கூடாது.

மூன்றாவது தண்ணீர். நான் செய்த பெரிய தவறு இங்கேதான். தையில் கிணற்றில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துத் தோட்டத்தின் அளவை முடிவு செய்தேன். சித்திரையில் இருக்கப்போகும் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். கோடையில் பயிர் நிற்கும் நிலத்துக்கு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். என் 200 சதுர அடி ஏறக்குறைய பதினெட்டரைச் சதுர மீட்டர். முழுவதும் பயிர் நின்றால் தினமும் 90 லிட்டருக்கு மேல், அதாவது ஆறு குடம். சித்திரையில் என்னால் கொடுக்கக்கூடியது நான்கு குடம். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அதில் சேர்த்தி. அதனால் பங்குனி முடியும்போது மூன்றில் ஒரு பங்கு நிலத்தைச் சும்மா விட்டுவிடுகிறேன். அங்கே நின்ற வெண்டையும் கீரையும் அதற்குள் தம் வேலையை முடித்திருக்கும். மீதி நிலத்தில் காய்ந்த சருகையும் வைக்கோலையும் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் போடுகிறேன். வெயில் மண்ணை நேரே தொடாவிட்டால் ஈரம் நிற்கும். 2019 கோடையில் சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை எல்லாரும் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகும் தண்ணீர்க் கணக்கு இல்லாமல் தோட்டம் போடலாகாது.

நான்காவது வாய். சாப்பிடப்போவது யார், எத்தனை பேர், எது பிடிக்கும்? உலக சுகாதார நிறுவனம் பழமும் காய்கறியுமாக ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது. கிழங்கு அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மாதம் 24 கிலோ ஆகிறது. அவ்வளவையும் என் தோட்டம் தராது. தரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவருடைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் இருபது வெண்டைச் செடி இருந்தால் வாரம் இரண்டு முறை பொரியலுக்குத் தேறும். கத்தரி ஆறு செடி, மிளகாய் நாலு, புடலை இரண்டு கொடி, பாகல் ஒன்று, சுரை ஒன்றே ஒன்று. கீரையை ஒரே நாளில் விதைக்காதீர்கள். மூன்று சிறு பாத்தியாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்றாக விதையுங்கள். அப்போதுதான் ஒரே வாரத்தில் குவிந்து மறுவாரம் இல்லாமல் போகாது. சமையலறையில் கேட்காமல் விதைக்கடைக்குப் போகாதீர்கள். இந்த ஒரு விதியை 2018இல் நான் கடைப்பிடித்திருந்தால் எதிர்வீட்டார் இன்னும் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

பூச்சி வருமா? வரும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் அது வைரஸ் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. மருந்து தேடாமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

இப்போது அவரைக்கு வருகிறேன்.

2021 மாட்டுப் பொங்கலுக்கு, முசிறிப் பக்கத்தில் உள்ள என் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் கடைசித் தங்கை. எண்பதைத் தொடும் வயது. பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனேன். மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் அவரை! பட்டையாக, ஊதா ஓரத்தோடு, கொத்துக் கொத்தாக. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

"சின்னம்மா, இது ஏது?"

"எங்கக்கா குடுத்த வெதடா. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஊனிடுவேன்."

நான் என் கதையைச் சொன்னேன். பிடுங்கிப் போட்டதையும் மறைக்கவில்லை. சின்னம்மா சிரித்தார்.

"மாசியிலயா போட்ட? அது எப்போ போட்டாலும் கார்த்திகைக்குத்தாண்டா பூக்கும். நீ ஆனியில புடுங்கிட்டா, அது என்ன பண்ணும் பாவம்?"

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் நாட்டுப் பந்தல் அவரையில் பல வகை, பகல் குறுகினால்தான் பூக்கும். நம் பக்கத்தில் ஆனி மாதப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம். மார்கழியில் பதினொன்றரை மணி நேரம். இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசத்தை நாம் கவனிப்பதே இல்லை, அந்தக் கொடி கவனிக்கிறது. எல்லா மாதமும் காய்க்கும் செடி அவரை ரகங்கள் இப்போது வந்துவிட்டன. ஆனால் அம்மாவின் அவரை அப்படியல்ல. மலட்டு விதை என்று நான் பழி போட்டேனே, அது இன்னும் நான்கைந்து மாதம் பொறுத்திருந்தால் பூத்திருக்கும். விதையில் குறை இல்லை. என் நோட்டின் முதல் பத்தி காலியாக இருந்தது, அதுதான் குறை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மா தனக்கென்று சாம்பலில் காத்து வைத்த விதை என் கையில் அழிந்தது. தங்கைக்குக் கொடுத்த விதைதான் மிஞ்சியது. வங்கிக்காரனாக நான் நினைத்திருந்தது நேர்மாறாக: பெட்டியில் இருப்பதுதான் பத்திரம் என்று. சின்னம்மா கொடுத்த இருபது விதையை 2021 ஆடிப்பெருக்கில் ஊன்றினேன். கார்த்திகையில் பூத்தது. தைப் பொங்கலன்று பொரியல். என் மனைவி முதல் கரண்டியை எடுத்து அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள். 2018இல் சொல்லாமல் விட்ட மீதிப் பேச்சை அன்றும் அவள் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதிச் சமையற்கூடத்துக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பாத்திரம் கழுவும் முன் காய்கறியும் அரிசியும் கழுவிக் கொட்டும் தண்ணீர், அப்படியே சாக்கடைக்குப் போகிறது. 20 அடிக்கு 10 அடி போதும். ஆனால் நோட்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள். உங்களுக்கு ஏப்ரலில் தேர்வு, பிறகு விடுமுறை. கத்தரி வைத்தால் காய்க்கும்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள், செடி காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே இந்தப் பட்டத்தில் கீரை, கொத்தவரை, வெண்டை இந்த மூன்று மட்டும். பங்குனியோடு முடித்துவிட்டு நிலத்தை மூடாக்குப் போட்டு மூடிவிட்டுப் போங்கள். கல்லூரி திறந்து வரும்போது ஆடி காத்துக்கொண்டிருக்கும். உங்கள் சாம்பாரில் காய் தெரியட்டும், எங்கள் காலத்தில் முடியாததை நீங்கள் செய்யுங்கள்.

கடைசியாக, வாசலில் மேசைமேல் சிறு காகித உறைகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அம்மாவின் அவரை ஐந்து விதை. போன மாசியில் எடுத்துக் காயவைத்தது. உறைமேல் "ஆடி 18" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பேசிய சூட்டில் வீட்டுக்குப் போய் இதை நாளைக்கே ஊன்றிவிடாதீர்கள். நாளைக்கு வெண்டை ஊன்றுங்கள், கீரை தூவுங்கள். இந்த உறை ஆடி வரை சாம்பலில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு இதே கூடுகைக்கு வரும்போது பொரியல் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், விதை எடுத்தவுடன் யாருக்காவது ஐந்து கொடுத்துவிடுங்கள். உங்கள் கொடியை நீங்களே பிடுங்கிப்போட்டாலும், போய்க் கேட்க ஒரு வீடு இருக்கும்.